டர்ட் ராலி 2.0: பழைய கார்களிலிருந்து தொடங்குவோம்

ராலி கார்ப் பந்தய வீடியோ கேம்களுக்குப் புதிதாக வருகிறவர்களில் பலரும் முதலில் எடுப்பது, பட்டியலில் இருப்பதிலேயே வேகமான காரைத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ‘டர்ட் ராலி 2.0’வை முதன்முதலாகத் திறந்த இரவு, ஆடி ஸ்போர்ட் குவாட்ரோ எஸ்1 காரை எடுத்துக்கொண்டு அர்ஜென்டினாவின் மலைச் சாலைக்குப் போனேன். மூன்றாவது வளைவில் பாறையில் மோதினேன். மறுபடி தொடங்கினேன், இந்த முறை ஐந்தாவது வளைவு. எதிராளிகளின் வேகத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துப் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை. நள்ளிரவு வரை ஒரு ஸ்டேஜைக்கூட, அதாவது நேரம் கணக்கிடப்படும் ஒரு சாலைப் பகுதியைக்கூட, முடிக்க முடியவில்லை.

மறுநாள் 1960-களின் லான்சியா ஃபுல்வியாவை எடுத்தேன். அதே மனிதன், அதே கைகள். அன்று நான்கு ஸ்டேஜ் முடித்தேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது: இந்த விளையாட்டில் கடினத்தைக் கூட்டிக் குறைக்கும் உண்மையான திருகு அமைப்புப் பக்கத்தில் இல்லை, கார்ப் பட்டியலில் இருக்கிறது. பழைய கார்கள் ஒவ்வொன்றும் ஒரு பாடத்தைச் சொல்லித்தருகின்றன. சரியான வரிசையில் எடுத்தால், சில வாரங்களில் நான்கு சக்கர இழுவை அசுரர்களையும் ஓட்டலாம். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் 2019 பிப்ரவரியில் வெளியிட்ட விளையாட்டு இது. இதைவிடப் புதிய ராலி விளையாட்டுகள் வந்துவிட்டன. ஆனாலும் பழைய கார்களை எச்1, எச்2, எச்3 என்ற வகுப்புகளாகவும், நிஜ ராலியின் விதிப் பிரிவுகளான குரூப் பி, குரூப் ஏ என்றும் பிரித்து, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஏறிப்போக இவ்வளவு வசதியாக அடுக்கியிருப்பதால் இதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். வேறு ராலி விளையாட்டு வைத்திருப்பவர்களுக்கும் கார்களின் குணம் ஒன்றுதான்.

உட்காருவதற்கு முன்

ஸ்டியரிங் வீல் கட்டாயம் இல்லை. கேம்பேட் போதும். கீபோர்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதில் ஆக்சிலரேட்டர் ஒன்று முழுதாக அழுந்தும், இல்லையென்றால் அழுந்தாது. பழைய கார்களை ஓட்டுவதே பாதி மிதி, கால் மிதி என்று அளந்து கொடுப்பதில்தான் இருக்கிறது. வீல் வைத்திருப்பவர்கள் சுழற்சியை 540 டிகிரியில் வைத்துத் தொடங்கலாம். 900 வைத்தால், காரின் வால் (பின்புறம்) வெளியே வீசும்போது எதிர்ப்பக்கம் ஒடிக்கக் கை எட்டாது.

அடுத்து உதவிகள். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை முதல் நாளே அணைத்துவிடுங்கள். கார் சறுக்கித் திரும்ப வேண்டிய இடத்தில் அது திரும்ப விடாமல் பிடித்துக்கொள்ளும். நீங்கள் கற்க வேண்டியதே அந்தச் சறுக்கலைத்தான். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கொஞ்ச நாள் இருக்கட்டும். அந்தக் காலக் கார்களில் அது கிடையாது, உண்மைதான். ஆனால் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கற்க முயன்றால் எதுவுமே பதியாது. சக்கரம் வெறுமனே சுழலாமல் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோல் முன்சக்கரக் கார்களுக்குத் தேவையே இல்லை. பின்சக்கரக் காருக்கு மாறும்போது குறைந்த அளவில் வைத்து, இரண்டு வாரத்தில் அணைக்கலாம். கியரை முதல் நாளிலிருந்தே கையால் மாற்றுங்கள். தானியங்கி கியர் வளைவின் நடுவில் தன் இஷ்டத்துக்கு மாறும். பழைய காரில் அந்த நொடியில் இழுவை அறுந்தால் கார் உங்கள் பேச்சைக் கேட்காது.

முதல் கார், முதல் நாடு

எச்1 வகுப்பில் மூன்று கார்கள் இருக்கின்றன: மினி கூப்பர் எஸ், லான்சியா ஃபுல்வியா எச்எஃப், சிட்ரோன் டிஎஸ் 21. மூன்றுமே முன்சக்கர இழுவை. மினியையோ ஃபுல்வியாவையோ எடுங்கள். இவற்றைப் பொம்மைக் கார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மினி 1964, 1965, 1967 என மூன்று முறை மான்டி கார்லோ ராலியை வென்றது. 1966-லும் முதலில் வந்தது, முகப்பு விளக்குத் தகராறில் தகுதிநீக்கம் செய்தார்கள். ஃபுல்வியா 1972-இல் சான்ட்ரோ முனாரி கையில் அதே மான்டி கார்லோவை வென்றது. தம்மைவிட அதிக சக்தி கொண்ட கார்களை இந்தச் சின்னக் கார்கள் பனியிலும் குறுகிய மலைப்பாதையிலும் தோற்கடித்தன. வேகத்தை இழக்காமல் ஓட்டினால் குறைந்த சக்தியே போதும் என்பதை நிரூபித்த கார்கள் இவை. நீங்கள் கற்க வேண்டிய முதல் பாடமும் அதுதான்.

நாடு: நியூசிலாந்து. அங்கே சரளைச் சாலை ஓரளவு அகலம், வளைவுகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிந்தோடும், தவறு செய்தால் பெரும்பாலும் புல்லில்தான் போய் நிற்பீர்கள். அர்ஜென்டினாவைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சாலைக்கு ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். போலந்து நேராகத்தானே இருக்கிறது என்று ஆசைப்பட்டுப் போக வேண்டாம். அந்த நேர்ச்சாலைகளின் முடிவில் வரும் திருப்பங்கள் வேகத்தை அடக்கத் தெரியாதவரைத் தூக்கி வயலில் போட்டுவிடும்.

எதிராளி இல்லாமல் கடிகாரத்தோடு மட்டும் ஓட்டும் டைம் டிரையல் பகுதிக்குப் போய், நியூசிலாந்தில் ஒரு சிறிய ஸ்டேஜைக் காய்ந்த வானிலையில் எடுங்கள். முதல் வாரம் ஒரே இலக்கு: எதிலும் மோதாமல் முடிப்பது. நேரத்தைப் பார்க்காதீர்கள், குறிப்பாக உலகத் தரவரிசையைப் பார்க்காதீர்கள். மோதாமல் முடித்த முதல் ஓட்டத்தின் நேரத்தை மட்டும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

பக்கத்து சீட்டில் இருப்பவர்

இதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் அதிகம் அலட்சியப்படுத்துவது இதைத்தான். டர்ட் ராலி 2.0-இல் கோ-டிரைவராக, அதாவது பக்கத்தில் உட்கார்ந்து பாதைக் குறிப்புகளை வாசிப்பவராக, குரல் கொடுப்பவர் ஃபில் மில்ஸ். 2003-இல் பெட்டர் சோல்பெர்க் உலகச் சாம்பியன் ஆனபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பு வாசித்தவர் அவரேதான். அவர் வாசிப்பது அலங்காரத்துக்கு அல்ல. அடுத்த வளைவு கண்ணில் படுவதற்கு முன்பே அது உங்கள் காதில் வந்து சேர்ந்துவிடுகிறது.

எண்களின் கணக்கு எளிது. 6 என்றால் லேசான வளைவு, எண் குறையக் குறைய வளைவு இறுகும், 1 என்றால் மிக இறுக்கம். அதற்கும் கீழே ஹேர்பின், நம்முடைய கொண்டை ஊசி வளைவு. ‘ஸ்கொயர்’ என்றால் தெருமுனை போலச் செங்கோணத் திருப்பம். ‘டைட்டன்ஸ்’ என்றால் போகப்போக இறுகும், ‘ஓப்பன்ஸ்’ என்றால் விரியும், ‘க்ரெஸ்ட்’ என்றால் மேடு, ‘டோன்ட் கட்’ என்றால் உள்விளிம்பில் கல்லோ பள்ளமோ இருக்கிறது, உரசிக்கொண்டு போகாதே என்று பொருள். வளைவுகளுக்கு நடுவே வரும் 50, 80, 120 போன்ற எண்கள் அடுத்த வளைவுக்கு இருக்கும் தூரம், மீட்டரில்.

இதில் வழிகாட்டிகள் பலவும் சொல்லாமல் விடும் ஒன்று உண்டு. ஒரே குறிப்புக்கு ஒவ்வொரு காரிலும் வேறு வேறு வேகம். ஃபுல்வியாவில் 6 என்று கேட்டால் காலை எடுக்க வேண்டியதே இல்லை; 5-ஐயும் பெரும்பாலும் முழு மிதியில் கடந்துவிடலாம். அதே 5-ஐ குரூப் பி காரில் முழு மிதியில் எடுத்தால் அடுத்த நொடி மரத்தில் இருப்பீர்கள். ஆகவே ஒவ்வொரு புதிய காருக்கும் மனதில் ஓர் அட்டவணை கட்டிக்கொள்ள வேண்டும்: இந்தக் காரில் 4 என்றால் எந்த கியர், 3 என்றால் எந்த கியர், 2 என்றால் பிரேக் எவ்வளவு. ஓட்டும்போது எண்ணை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். எனக்கு அது பெரிய உதவியாக இருந்தது. காதில் விழுந்த எண் கைக்குப் போவதற்குள் தொலைந்துபோகாமல் பிடித்து வைக்கிறது.

‘டைட்டன்ஸ்’ என்ற சொல் காதில் விழுந்ததும் வலது காலைத் தூக்குவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு சொல்லைத் தவறவிட்டுத்தான் என் கார்கள் அதிகம் நொறுங்கியிருக்கின்றன.

முன்சக்கரக் கார் சொல்லித்தருவது

முன்சக்கரக் காரில் திருப்புவதும் இழுப்பதும் ஒரே ஜோடி டயரின் வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் முழுதாகக் கேட்டால் டயர் இரண்டையும் செய்யாது. கார் மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு நேராகப் போகும். அப்போது ஸ்டியரிங்கை இன்னும் ஒடிக்கத் தோன்றும். ஒடிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். எடை முன்பக்கம் சாயும், முன் டயருக்குப் பிடி கிடைக்கும், பின்பக்கம் லேசாகிச் சற்று விலகும், மூக்கு உள்ளே வரும்.

இது பழகிய பிறகு இடது கால் பிரேக். வலது காலில் ஆக்சிலரேட்டரை விடாமல், இடது காலால் பிரேக்கை லேசாகத் தொட வேண்டும். முன் சக்கரங்களை இன்ஜின் இழுத்துக்கொண்டிருப்பதால் அவை பூட்டிக்கொள்ளாது. பின் சக்கரங்கள் பிடி இழந்து வழுக்கும், காரின் பின்புறம் சுழன்று வரும். ரவுனோ ஆல்டோனென், டிமோ மாக்கினென் போன்ற ஃபின்லாந்துக்காரர்கள் மினியில் செய்து புகழ்பெற்ற உத்தி இது. கேம்பேடில் இரண்டு டிரிகரையும் ஒன்றாக அழுத்தினால் அதே வேலை நடக்கும். கொண்டை ஊசி வளைவுக்கு மட்டும் ஹேண்ட் பிரேக்: வேகத்தைக் குறைத்து, உள்ளே திருப்பி, ஒரு நொடி இழுத்து விட்டு, ஆக்சிலரேட்டர்.

இன்னொன்று. இந்தக் கார்களின் பிரேக் பலவீனமானது. நவீன கார் ஓட்டிப் பழகியவர்கள் எதிர்பார்க்கும் இடத்தைவிட நன்றாக முன்னாலேயே மிதிக்க வேண்டும்.

எஸ்கார்ட்: இங்கே நேரம் செலவழியுங்கள்

ஒரு வாரமோ பத்து நாளோ ஆன பிறகு எச்2 பின்சக்கர வகுப்புக்கு வாருங்கள். ஃபோர்டு எஸ்கார்ட் மார்க் 2-ஐ எடுங்கள். இந்த விளையாட்டில் ஒரே ஒரு காரைத்தான் ஓட்ட விடுவார்கள் என்றால் நான் இதைத்தான் கேட்பேன். 1972 முதல் 1979 வரை பிரிட்டனின் ஆர்ஏசி ராலியை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து எஸ்கார்ட் கார்களே வென்றன. 1979-இல் ஓட்டுநர்களுக்கான உலகச் சாம்பியன் பட்டம் முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அந்த ஆண்டு எஸ்கார்ட்டும் ஓட்டிய பியோர்ன் வால்டெகார்ட் அதைப் பெற்றார். 1981-இல் ஆரி வாட்டனென் இதே காரில் சாம்பியன் ஆனார்.

எஸ்கார்ட்டில் முன் டயர் திசையைப் பார்த்துக்கொள்ளும், பின் டயர் தள்ளும். அதனால் உங்களிடம் இரண்டு ஸ்டியரிங் இருக்கிறது என்றே சொல்லலாம்: ஒன்று கையில், இன்னொன்று வலது காலில். கொஞ்சம் மிதித்தால் வால் வெளியே போகும், கார் உள்ளே திரும்பும். மெல்லத் தளர்த்தினால் நேராகும்.

பயிற்சியை இப்படி அமையுங்கள். அதே நியூசிலாந்து ஸ்டேஜ். முதல் சில ஓட்டங்களில் பிரேக்கை நேர்ச்சாலையிலேயே முடித்துவிடுங்கள், வளைவுக்குள் பிரேக் வேண்டாம். திருப்பத் தொடங்குங்கள், கார் உள்ளே பார்க்க ஆரம்பித்ததும் ஆக்சிலரேட்டரைக் கால்வாசி கொடுங்கள், வால் விலகுவதை உணருங்கள், உடனே ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடியுங்கள். இங்கேதான் எல்லோரும் செய்யும் தவறு: பயந்துபோய் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று முழுதாக விட்டுவிடுவார்கள். வெளியே போன வால் படாரென்று மறுபக்கம் அடித்துத் திரும்பும், கார் எதிர்த்திசையில் சுற்றிக்கொள்ளும். காலை எடுக்க வேண்டும், ஆனால் மெதுவாக, பால் பொங்கும்போது தீயைத் தணிப்பதுபோல. எதிர்ப்பக்கம் ஒடித்த கையையும் கார் நேராகும்போதே திருப்பிக் கொண்டுவர வேண்டும், நேரான பிறகு அல்ல.

வளைவிலிருந்து வெளியேறும்போது சக்கரம் வெறுமனே சுழன்று சரளையை வாரி இறைத்தால், ஒரு கியர் மேலே போடுங்கள். இரண்டாவது கியரில் ஆர்ப்பாட்டமாகத் தெரியும், மூன்றாவதில்தான் நேரம் குறையும்.

இது கை வந்ததும் ஊசல் திருப்பம். வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் முதலில் ஒரு கணம் இடப்பக்கம் ஒடித்து, காலைத் தூக்கி, எடை ஒரு பக்கம் சாய்ந்ததும் வலப்பக்கம் வீச வேண்டும். ஊஞ்சலைப் பின்னுக்கு இழுத்து விடுவது போலத்தான். அகலமான 2, 3 வளைவுகளில் முயலுங்கள். வளைவின் மறுபக்கம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் வேண்டாம்.

எஸ்கார்ட்டில் குறைந்தது இரண்டு வாரம் இருங்கள். சலிப்பாக இருந்தால் அதே வகுப்பில் ஃபியட் 131 அபார்த்துக்கு மாறலாம். 1977, 1978, 1980 ஆண்டுகளின் தயாரிப்பாளர் பட்டங்களை (கார் நிறுவனத்துக்கான உலகச் சாம்பியன் பட்டம்) வென்ற கார் அது.

இன்ஜின் எங்கே இருக்கிறது?

அல்பைன் ஏ110 காரும் எச்2 வகுப்பில்தான் இருக்கிறது. ஆனால் எஸ்கார்ட் மாதிரி நினைத்து ஏறினால் ஏமாந்துபோவீர்கள். இதன் இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. வளைவின் நடுவில் காலைத் தூக்கினால் அந்தக் கனமான பின்புறம் முன்னால் வரப் பார்க்கும். உள்ளே மெதுவாகப் போய், லேசான மிதியைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே வெளியே வர வேண்டும். உலக ராலி சாம்பியன்ஷிப் தொடங்கிய 1973-லேயே பட்டம் வென்ற கார், ஆகவே உழைப்பு வீண்போகாது.

எச்3-இல் லான்சியா ஸ்ட்ராடோஸ். ஃபெராரியின் வி6 இன்ஜின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், முன் பின் அச்சுகளுக்கு இடையே வெறும் 2.18 மீட்டர். எஸ்கார்ட்டில் அது ஏறத்தாழ 2.4 மீட்டர். அந்தச் சில அங்குலக் குறைவால் எல்லாமே வேகமாக நடக்கிறது: எஸ்கார்ட் சறுக்கும்போது யோசிக்க நேரம் தரும், ஸ்ட்ராடோஸ் தராது. 1974, 75, 76 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பட்டம் வென்றது. அழகில் இதற்கு நிகரான ராலி கார் இல்லை என்பது என் கருத்து. ஆனாலும் புதியவர்கள் எச்3-ஐ ஓப்பல் அஸ்கோனா 400-இல் தொடங்குவதே நல்லது. முன்னால் இன்ஜின், நிதானமான குணம். 1982-இல் வால்டர் ரோர்ல் இதில்தான் சாம்பியன் ஆனார்.

நான்கு சக்கர இழுவை: இங்கே காலண்டரைப் பின்பற்றாதீர்கள்

வரலாற்றில் குரூப் பி முதலில் வந்தது, 1987 முதல் குரூப் ஏ அதன் இடத்தைப் பிடித்தது. கற்பதற்கு இதைத் தலைகீழாக்குங்கள். முதலில் குரூப் ஏ. லான்சியா டெல்டா இன்டக்ராலே நல்ல தேர்வு. 1987-லிருந்து 1992 வரை டெல்டா கார்கள் ஆறு தயாரிப்பாளர் பட்டங்களை வரிசையாக வென்றன. கூடுதல் பொதி வாங்கியிருந்தால் சுபாரு லெகசியும் கிடைக்கும். காலின் மெக்ரே தன் முதல் உலக ராலி வெற்றியை 1993-இல் அந்தக் காரில்தான் பெற்றார், அதுவும் நியூசிலாந்தில்.

எஸ்கார்ட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தக் கார்கள் எளிதாகத் தோன்றும். எளிதுதான். ஆக்சிலரேட்டர் வாலை வீசாது, காரை வளைவிலிருந்து பிடுங்கி வெளியே எடுக்கும். ஆனால் உள்ளே நுழையும்போது மூக்கு அடம்பிடிக்கும். அங்கே மினியில் கற்ற இடது கால் பிரேக் திரும்பவும் கைகொடுக்கும்.

அப்புறம் குரூப் பி. ஆடி குவாட்ரோ 1981-இல் உலக ராலிக்கு வந்து நான்கு சக்கர இழுவையின் வலிமையைக் காட்டியது. அந்த ஆண்டே சான்ரெமோவில் மிஷெல் மூட்டான் அதில் வென்று, உலக ராலி ஒன்றை வென்ற முதல் பெண் ஆனார். ஆனாலும் 1983-இல் பின்சக்கரம் மட்டுமே இழுத்த லான்சியா 037 ஆடியைத் தாண்டித் தயாரிப்பாளர் பட்டத்தை எடுத்தது. பின்சக்கரக் கார் ஒன்று அந்தப் பட்டத்தை வென்றது அதுவே கடைசி. அதன் பிறகு சக்தி ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போனது. 1986-இல் போர்ச்சுகலில் பார்வையாளர்கள் இறந்தார்கள். அதே ஆண்டு மே 2 அன்று கோர்சிகாவில் ஓட்டுநர் ஹென்றி டோய்வோனெனும் அவருடைய கோ-டிரைவர் செர்ஜியோ கிரெஸ்டோவும் டெல்டா எஸ்4 காரில் உயிரிழந்தார்கள். அந்தப் பருவத்தோடு குரூப் பி முடிந்தது. திரையில் இந்தக் கார்கள் கடினமாக இருப்பதற்கான காரணம் அங்கேதான் இருக்கிறது; அவை நிஜச் சாலையிலும் மனிதரால் அடக்க முடிகிற எல்லையில் ஓடிய கார்கள்.

இங்கே முக்கியச் சிக்கல், இன்ஜினுக்குள் காற்றைத் திணித்துச் சக்தியைக் கூட்டும் டர்போவின் தாமதம். மிதித்ததும் ஒன்றும் நடக்காது, ஒரு கணம் கழித்து எல்லாம் ஒரே நேரத்தில் வரும். அதனால் சக்தி வேண்டிய இடத்துக்கு முன்பே மிதிக்க வேண்டும், வரும் வேகத்தை இடது கால் பிரேக்கால் அடக்கிப் பிடிக்க வேண்டும். ஆகவே குரூப் பி-யை எம்ஜி மெட்ரோ 6ஆர்4-இல் தொடங்குங்கள். அதில் டர்போ கிடையாது, 3 லிட்டர் வி6 இன்ஜின் மிதித்த அளவுக்கு உடனே பதில் சொல்லும். அடுத்தது டெல்டா எஸ்4. சூப்பர்சார்ஜர், டர்போ இரண்டும் உண்டு என்பதால் கீழ் வேகத்திலும் இழுக்கும். கடைசியாக ஆடி எஸ்1. நீண்ட குவாட்ரோவைத் திருப்புவதற்காக அச்சுகளுக்கு இடையே 32 சென்டிமீட்டர் வெட்டிக் குறைத்த கார் அது. கனம் முழுதும் மூக்கில். வளைவுக்கு வெகு முன்பே அதைப் பக்கவாட்டில் போட்டுவிட வேண்டும்.

எதிராளிகள், அமைப்பு, டயர்

போட்டிக்குத் தயாரானதும் ஃப்ரீப்ளே பகுதியில் நீங்களே ஒரு சாம்பியன்ஷிப் அமைத்துக்கொள்ளலாம். எதிராளிகளின் வேக அளவை ஒருமுறை வைத்துவிட்டு அப்படியே விடாதீர்கள். ஒரே அளவில் ஓரிடத்தில் எளிதாக வெல்வதையும் வேறிடத்தில் கடைசியாக வருவதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே நாட்டுக்கும் காருக்கும் ஏற்ப மாற்றுங்கள். ஒழுங்காக, மோதாமல் ஓட்டினால் நடு வரிசையில் முடிக்கும் அளவே சரியான அளவு.

காரின் அமைப்புகளை முதல் மாதம் தொடாதீர்கள். முன்சக்கரக் காரில் பிரேக் சமநிலையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுவது மட்டும் விதிவிலக்கு. நீண்ட ராலியில் ஓர் உதிரி டயராவது எடுத்துப்போங்கள், கனத்துக்குப் பயந்து விட்டுவிட வேண்டாம். இந்த விளையாட்டில் முன்னால் போன கார்கள் சாலையை உழுது வைத்திருக்கும். வரிசையில் பின்னால் கிளம்பினால் ஆழமான தடங்கள் காத்திருக்கும். ஸ்டியரிங்கில் கையை இறுக்காமல், தடம் காரைப் பிடித்துச் செல்ல விட்டு, வேகத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆடி எஸ்1-ஐ ஒரு முழு ஸ்டேஜ் மோதாமல் ஓட்டி முடித்த அன்று, அந்தத் தாளை எடுங்கள். ஃபுல்வியாவில் ஏறி, முதல் வாரம் ஓட்டிய அதே நியூசிலாந்து ஸ்டேஜை மறுபடி ஓட்டுங்கள். புதிய நேரத்தைப் பழைய நேரத்துக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.